அறுபது மைலுக்கு எத்தனை விநாடி?

அத்தியாயம் பதினேழு

சின்னவள் வந்து இறங்கி ஆறு நாளாகிறது. வந்தவள் சும்மா வந்தாளா? ரத்தச் சிவப்பில் ஒரு காரை ஓட்டிக்கொண்டு வந்து, அக்கா வீட்டில், அக்காவின் வண்டி நிற்கும் இடத்திலேயே நிறுத்தினாள். "ஒரு ராத்திரிதான் அக்கா, காலைல எடுத்துடறேன்" என்றவள்தான். ஆறு காலை விடிந்துவிட்டது, வண்டியை எடுத்தபாடில்லை.

போகட்டும், வண்டி நிற்கும் இடம்தானே என்று விட்டுவிடலாம். "அப்பாவை என்னோட கூட்டிட்டுப் போகலாம்னு வந்திருக்கேன்" என்று சாப்பாட்டு மேஜையில் குண்டைத் தூக்கிப் போட்டாளே, அதை எந்தக் கணக்கில் விடுவது? அம்மா போனபிறகு ஒன்பது வருஷமாக அப்பாவை வைத்துப் பார்த்துக்கொள்வது மூத்தவள். அத்தி பூத்த மாதிரி வருஷத்துக்கு ஒரு தடவை ஃபோன் பண்ணுகிறவள் சின்னவள். நியாயம் எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

அப்பா என்ன சொன்னார்? அவர் எதைத்தான் உடனே சொல்லியிருக்கிறார்! "ஞாயித்துக்கிழமை கட்டுரை வேலை முடியட்டும். யாரோட இருக்கப்போறேன்னு அன்னிக்குச் சொல்றேன்" என்று கை கழுவப் போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இன்று.

கட்டுரை என்னவென்றும் சொல்லிவிடுகிறேன். அப்பா முப்பத்தொரு வருஷம் ஒரு கார் வார இதழுக்காக வண்டிகளை ஓட்டிப் பார்த்து எழுதியவர். அவர் 'பரவாயில்லை' என்று எழுதிவிட்டால் வண்டி செய்தவர்களுக்குத் தலைகால் புரியாது. ஓய்வு பெற்று வெகுநாளான மனுஷரிடம் கடைசியாக ஒன்று எழுதித் தாருங்கள் என்று பத்திரிகை கேட்டிருந்தது. இரண்டு காலத்து பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களை ஒரே நாளில் ஓட்டி ஒப்பிட வேண்டும். ஒன்று நாற்பத்தெட்டாம் வருஷத்து எம்.ஜி. டி.சி., பச்சை, மூத்தவளுடையது. இன்னொன்று எழுபத்திரண்டாம் வருஷத்து டிரையம்ஃப் டி.ஆர்.சிக்ஸ். சொல்லவே வேண்டாம், அந்தச் சிவப்புதான்.

காலை ஆறரைக்கே மூத்தவள் பச்சை வண்டியின் அருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன, காலங்காத்தால சக்கரத்தோட பேச்சுவார்த்தை?" என்று கேட்டார் அவள் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊரார் பார்வையைச் சரிசெய்கிறவருக்கு மனைவியின் பார்வை மட்டும் இந்த ஆறு நாளாகப் பிடிபடவில்லை.

"காத்து இருக்கான்னு பாக்கறேன்."

"நேத்தும் அதைத்தானே பாத்த?"

"ஒரு ராத்திரில இறங்காதா?"

"வண்டிக்கு இறங்கலை. உனக்குத்தான் ஏறியிருக்கு."

அவள் முறைத்தாள். அவர் ஃபிளாஸ்க்கை நீட்டினார். பிறகு, சும்மா சொல்வதுபோல, "மாமா போறதா இருந்தா போகட்டுமே. அவருக்கும் ஒரு மாறுதலா இருக்கும்" என்றார்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருக்கீங்களா? யார் வீட்டுப் பேச்சு இது?"

அவர் சும்மா இருந்துவிட்டார். அந்த வித்தை அவருக்குக் கைவந்தது.

அப்பா முகம் மழித்து, பழைய தோல் கையுறையை மாட்டிக்கொண்டு, இருபது வயது குறைந்தவர்போல் வெளியே வந்தார். பச்சை வண்டியின் கதவைத் தயாராகத் திறந்து வைத்திருந்தாள் மூத்தவள். அவர் அதைத் தாண்டிப் போய் சிவப்பு வண்டியில் ஏறிக்கொண்டார்.

"நான் சின்னவளோட வரேன். நீ பின்னாடியே வந்துடு பெரியவளே."

பின்னாடியே வா! நாய்க்குட்டியைக் கூப்பிடுகிற மாதிரி. மூத்தவள் திறந்து வைத்த கதவைச் சாத்திவிட்டு, சுற்றிப் போய் ஏறினாள். வழியெல்லாம் அவள் கண்முன் தெரிந்தது சிவப்பு வண்டியின் பின்புறமும், அதற்குள் பக்கம் பக்கமாகச் சாய்ந்து பேசிக்கொள்ளும் இரண்டு தலைகளும்தான்.

கடைசி விமானம் இறங்கி இருபது வருஷமான ஓடுதளம் அது. கான்கிரீட் வெடிப்புகளில் புல் முளைத்திருந்தது. ஓரமாக, அறுபது மீட்டருக்கு ஒன்று என்று பழைய விளக்குகளின் இரும்புக் கட்டைகள் வரிசையாக நின்றன. அப்பாவுக்கு அந்தத் தளம் வீட்டுக்கூடம் மாதிரி. ஆயிரம் வண்டியாவது அங்கே ஓட்டியிருப்பார்.

இறங்கியதும் சின்னவள் கையைத் தூக்கிச் சோம்பல் முறித்தாள். ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் அவள். 'மயக்கறதுதானே இவ பொழைப்பு, அப்பா மட்டும் எம்மாத்திரம்' என்று நினைத்துக்கொண்டாள் மூத்தவள்.

"ரூல் ஞாபகம் இருக்கில்ல?" என்றார் அப்பா. "தன் வண்டிக்குத் தானே ஸ்டாப்வாட்ச் பிடிக்கக் கூடாது. பெரியவ சிவப்புல உக்காரு. சின்னவ பச்சைல. வண்டி நகர்ந்ததும் அமுக்கணும், வேக முள் அறுபது மைலைத் தொட்டதும் அமுக்கி, 'போதும்'னு சொல்லணும். போக ஒரு தடவை, வர ஒரு தடவை. ரெண்டையும் கூட்டிப் பாதி."

பத்திரிகையில் அந்த விதியை எழுதியவர்கள் விவரமானவர்கள்தான். சொந்த வண்டி என்றால் கட்டைவிரல் ஆசையில் முந்திவிடும் என்று தெரிந்து வைத்திருந்தார்கள். அக்கா தங்கையைப் பற்றி மட்டும் அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

முதலில் சிவப்பு வண்டி. ஏறி உட்கார்ந்ததுமே மூத்தவளின் கை தன்னையறியாமல் இருக்கையின் ஓரத்தைத் தடவியது. கார் இருக்கைகளுக்குத் தோல் தைப்பது அவள் தொழில், சொந்தப் பட்டறை. குற்றம் கண்டுபிடிக்கத்தான் தடவினாள். தையல் இம்மி பிசகாமல் இருந்தது. யாரோ நல்ல கைக்காரர் வேலை.

"இதை யார்கிட்ட தைக்கக் கொடுத்த?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"அங்க ஒருத்தர் இருக்காரு. ஏன் அக்கா, நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு."

கூடப்பிறந்த அக்கா பட்டறை வைத்திருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்டாளா? நல்லா இல்லாமலிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

அப்பா கிளப்பினார். ஆறு சிலிண்டரும் சேர்ந்து உறுமியது முதுகுத்தண்டில் தெரிந்தது. வண்டி பின்பக்கம் உட்கார்ந்து, முன்பக்கம் எழும்பிப் பாய்ந்தது. மூத்தவளின் தலை இருக்கையில் மோதியது. முள் முப்பது, நாற்பத்தைந்து என்று நிற்காமல் ஏறியது. வாட்சும் முள்ளும்தான் அவள் கண்ணில் இருந்தன.

அறுபது.

கட்டைவிரல் அசையவில்லை. அசைய விடவில்லை அவள். மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கி, இரண்டு முடிவதற்குள் அமுக்கினாள்.

"போதும்!"

பத்து விநாடியும் கொஞ்சமும். திரும்பி வரும்போதும் அதே. தையல்காரியின் கையல்லவா, இரண்டு தடவையும் ஒரே அளவு பொய்!

அப்பா ஒன்றும் கேட்கவில்லை. நம்பரைச் சொல்லச் சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டு, "என்ன எஞ்சின் பாரு! மூணாவது கியர்ல நடக்கற வேகத்துல போனாலும் முனகலை. அம்பதுல இருந்து மிதிச்சா அடுத்த மூச்சுல எம்பது. நாள் பூரா ஓட்டிட்டுப் போய் இறங்கினாலும் முதுகு வலிக்காது" என்றார்.

"குடிக்கற பெட்ரோலையும் எழுதுங்க."

"எழுதாம? பானைல குடிக்குது." அப்பா சிரித்தார். "ஆனா கேக்கறதைக் கொடுக்குது பாரு, அது பெரிசு."

அடுத்து பச்சை வண்டி.

மூத்தவள் ஓடுதளத்தின் ஓரத்தில் தனியாக நின்றாள். தன் வண்டியில், தான் தைத்த இருக்கையில், தன் அப்பாவுக்குப் பக்கத்தில் தங்கை உட்காருவதைப் பார்த்தாள். வாங்கும்போது அது காரே இல்லை, கார் என்று பெயர் சொல்லி விற்ற விறகுக் கட்டு. அந்த வண்டியின் உடம்பு மரச் சட்டத்தின்மேல் தகடு போர்த்தியது. சட்டமெல்லாம் செல்லரித்துக் கிடந்தது. ஆசாரியை வைத்து ஒவ்வொரு கட்டையாக மாற்றி, கம்பிச் சக்கரங்களைக் கம்பி கம்பியாகக் கோத்து, எட்டு வருஷம். அந்த எட்டு வருஷமும் அப்பா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். போன வருஷம் அது முதல்முதலாகக் கிளம்பியபோது இரண்டு பேரும் அழுதார்கள். சின்னவள் என்ன செய்தாள்? காசைக் கொடுத்தாள், சாவியை வாங்கினாள்.

பச்சை வண்டி கடகடவென்று கிளம்பியது. முன்கண்ணாடியை மடித்து விட்டிருந்ததால் காற்று நேராக இரண்டு பேர் முகத்திலும் அடித்தது. அது பாயவில்லை, ஓடியது. ஒவ்வொரு வெடிப்பிலும் துள்ளியது. நாற்பதைத் தாண்டவே யோசிக்கிற வண்டி. ஆனால் அந்தத் துள்ளலுக்கு நடுவே ஒரு சத்தம் கேட்டது.

அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். வாய்விட்டு, தொடையைத் தட்டி, ஓடுதளம் முழுக்கக் கேட்கும்படி. ஒன்பது வருஷத்தில் மூத்தவள் அந்தச் சிரிப்பைக் கேட்டதே இல்லை.

'என் வண்டில உக்காந்து, அவகூடச் சிரிக்கறாரே' என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புழுதி என்று சொல்லிக்கொள்ளலாம், பக்கத்தில் கேட்கத்தான் யாருமில்லை.

வந்து நின்றார்கள். சின்னவளின் தலைமுடி கலைந்து காகக்கூடாகியிருந்தது.

"ஐயோ அக்கா, முப்பதுல போனாலே அறுபதுல போற மாதிரி இருக்கு! என் வண்டில நூறுல போனாலும் இவ்வளவு பயம் இல்ல, இவ்வளவு குஷியும் இல்ல."

"நம்பர் என்ன?" என்றாள் மூத்தவள்.

"பத்தொம்பதரை."

மூத்தவள் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். அந்த வண்டிக்கு இருபத்திரண்டு விநாடி ஆகும். பிள்ளையைப் பெற்றவளுக்கு அதன் எடை தெரியாதா? எத்தனை தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறாள்! காற்றே முதுகில் தள்ளினாலும் பத்தொன்பதரை வராது. சின்னவள் அக்காவின் கண்ணைப் பார்க்காமல் வாட்சின் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

அப்பா நோட்டைச் சிவப்பு வண்டியின் மூக்கின்மேல் விரித்து வைத்தார். பேனாவை மூடினார்.

"ரெண்டு பேரும் இங்க வாங்க."

வந்தார்கள். எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் நிற்க வைத்துத் திட்டுவாரே, அதே குரல்.

"முப்பத்தொரு வருஷத்துல என் நோட்டுல ஒரு பொய் நம்பர் ஏறினதில்ல. இன்னிக்கு ஒரே பக்கத்துல ரெண்டு ஏறியிருக்கு." அவர் விளக்குக் கட்டைகளைக் காட்டினார். "சிவப்பு வண்டி அறுபதைத் தொட்டது ரெண்டாவது விளக்கைத் தாண்டினதும். பெரியவளே, நீ போதும்னு சொன்னது மூணாவது விளக்குக்கிட்ட. ரோட்டைப் பாக்கறவனுக்கு முள் தெரியாதுன்னு நெனச்சியா?"

மூத்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறாள், அதுவும் யாரிடம்!

"சின்னவளே, இந்த வண்டில வேக முள் உன் பக்கம்தான் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா எஞ்சின் எத்தனை சுத்து சுத்துதுன்னு காட்டற மீட்டர் என் பக்கம் இருக்கு. அது போதும் எனக்கு. நீ அமுக்கினப்ப வண்டி அம்பத்தஞ்சுகூடத் தொடலை."

"ஆமாம்ப்பா. முன்னாடியே அமுக்கிட்டேன்" என்றாள் சின்னவள்.

"ஒருத்தி அடுத்தவ வண்டியைக் குறைச்சா. ஒருத்தி அடுத்தவ வண்டியை ஏத்தினா." அப்பா அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். "மறுபடி ஓட்டணும். இந்தத் தடவை வாட்ச் என் கையில. பெரியவளே, உன் வண்டியை நீயே ஓட்டு."

சொல்லிவிட்டுப் போய்ப் பச்சை வண்டியில் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

அக்காவும் தங்கையும் தனியே நின்றார்கள். மாட்டிக்கொண்ட வெட்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். மூத்தவளுக்கு அதைவிடச் சுட்டது வேறொன்று. இவள் எதற்குத் தனக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்? அடிக்க வந்தவளுக்கு மிட்டாய் கொடுத்த மாதிரி!

"எதுக்குடி அப்படிப் பண்ணின? உன்கிட்ட யார் பிச்சை கேட்டா?"

"பிச்சை இல்ல அக்கா."

"பின்ன என்ன? கருணையா? எல்லாம் உனக்குக் கிடைச்சாச்சு, போனாப் போகுதுன்னு ரெண்டரை விநாடி எனக்கா?"

சின்னவள் உதட்டைக் கடித்தாள். "உனக்கு இன்னிக்கு ஒண்ணாவது கிடைக்கட்டும்னு நெனச்சேன். அவ்வளவுதான்."

"ஒண்ணாவதுன்னா? அப்ப மத்தது கிடைக்காதுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

சின்னவள் வெடிப்பில் முளைத்த புல்லைச் செருப்பால் நோண்டினாள்.

"நீ வந்து ஆசை காட்டலைன்னா அவர் போவாராடி? ஒம்பது வருஷம் நான் பாத்துக்கிட்டவரை ஆறு நாள்ல தட்டிட்டுப் போகப் பாக்கறியே, உனக்கு மனசாட்சி இருக்கா? சின்ன வயசுலேர்ந்து இதே கதைதான். நான் ஆக்கி வெப்பேன், நீ வந்து உக்காருவ."

"நான் ஆசை காட்டலை."

"பொய் சொல்லாத!"

"அக்கா, நான் கூப்பிடவே இல்ல." சின்னவளின் குரல் தணிந்தது. "அவர்தான் எனக்கு லெட்டர் எழுதினாரு. 'என்னை வந்து கூட்டிட்டுப் போ'ன்னு. லீவு கிடைக்காம நான்தான் இவ்வளவு நாள் இழுத்தேன். இங்க வந்து உன் முகத்தைப் பாத்ததும் அவருக்கு வாய் வரலை. பழியை நான் சுமந்துக்கறேன்னு சொன்னேன்."

மூத்தவள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எப்ப எழுதினாரு?"

"வேணாம் அக்கா."

"எப்பன்னு கேட்டேன்."

"போன வருஷம். உன் வண்டி முதல்ல கிளம்பிச்சே, அதுக்கு மறுநாள் தேதி."

மூத்தவள் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. விறுவிறுவென்று நடந்து பச்சை வண்டியில் ஏறினாள், கதவை அறைந்து சாத்தினாள். கை தானாகச் சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தது. எஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. எட்டு வருஷமும் இவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது தனக்காக என்று நினைத்தாளே! வண்டி முடியட்டும், கிளம்பலாம் என்றா உட்கார்ந்திருந்தார்?

அப்பா வாட்சைப் பிடித்து முள்ளின்மேல் கண்ணை வைத்தார்.

"ரெடியா?"

அவள் எஞ்சினை அணைத்தாள்.

"என்னாச்சும்மா?"

"சின்னவளுக்கு லெட்டர் எழுதினீங்களாப்பா?"

அவர் வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இல்லை என்று சொல்வார் என்று கடைசி நொடி வரைக்கும் எதிர்பார்த்தாள். அவர் சொல்லவில்லை.

"நான் என்ன குறை வெச்சேன்? உங்களுக்குச் சாப்பாடு குறைச்சேனா, பேச்சு குறைச்சேனா? ஏன்னு சொல்லுங்க. சொன்னாத்தான் இந்த வண்டி நகரும்."

"நீ ஒரு குறையும் வெக்கலை பெரியவளே."

"பின்ன யாரு?"

அப்பா கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தூரத்தில் சின்னவள் சிவப்பு வண்டியில் சாய்ந்து, இந்தப் பக்கம் பார்க்காமல் நின்றிருந்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாதவள் தான் ஒருத்திதான் என்று மூத்தவளுக்கு அப்போது புரிந்தது.

"அதை என் வாயால சொல்ல மாட்டேன்" என்றார் அப்பா. "வீட்டுக்குப் போய் உன் புருஷனைக் கேளு."